பிள்ளை யாருடையது?



ஒவ்வோர் ஆண்டும் கோடை விடுமுறை முடியுந் தறுவாயில் நமது குடும்பங்களில் ஒரே பேச்சுதான்: பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்ப்பது? அரசாங்கப் பள்ளியா, கன்னியர் நடத்தும் பள்ளியா, சம்பளம் கட்டிப் படிக்கும் இங்கிலீஷ் பள்ளியா? இதைக் குறித்துப் பங்குச் சுவாமியாரிடம் யோசனை கேட்க வருபவர்கள் உண்டு. சிபாரிசுக் கடிதம் கேட்டு வருபவர்கள் அதைவிட அதிகம். கடிதம் கொடுப்பது எளிது. ஆனால் அந்தக் கேள்விக்கு அடியில் வேறொரு கேள்வி கிடக்கிறது; அதைச் சாதாரணமாய் யாரும் கேட்பதில்லை. பிள்ளை யாருடையது? அதன் படிப்பைக் குறித்து முடிவு சொல்லும் உரிமை யாருக்கு? அந்த உரிமை எதுவரை செல்லும்? இவற்றை இன்று சற்றுப் பொறுமையாய் ஆராய்வோம்.

பெற்றோரின் உரிமை

பிள்ளையின்மேல் பாத்தியம் கொண்டாடுகிறவர்கள் மூவர்: குடும்பம், இராச்சியம், திருச்சபை. இம்மூன்றில் முதலிடம் எதற்கு? குடும்பத்திற்கே என்பது இயற்கை அறிவின் தீர்ப்பு. திருச்சபையின் போதனையும் அதுவே. காரணம் யாதெனில், கடவுள் பிள்ளையை உலகத்துக்கு அனுப்பியது தாய் தந்தையரின் வழியாக. உயிர் கொடுத்த வேலை பிரசவத்தோடு முடிந்துவிடுவதில்லை. பிள்ளை தன் காலில் நின்று தன் புத்தியால் நடக்கும் வரைக்கும் அது நீடிக்கிறது. பாலூட்டுவது, பேசப் பழக்குவது, நெற்றியில் சிலுவை அடையாளம் வரையக் கற்பிப்பது, பள்ளிக்கு அனுப்புவது எல்லாம் ஒரே வேலையின் பல படிகள். கடமை யாருடையதோ உரிமையும் அவருடையதே.

திருச்சபை இந்த உரிமையை எவ்வளவு பெரிதாய் மதிக்கிறதென்று அறிய விரும்பினால், அர்ச். அக்குவினாஸ் தோமையார் 13-ம் நூற்றாண்டில் ஆராய்ந்த ஒரு கேள்வியைக் கவனியுங்கள். யூதர்களின் குழந்தைகளுக்கு அவர்கள் பெற்றோரின் சம்மதமின்றி ஞானஸ்நானம் கொடுக்கலாமா? ஆத்துமம் ஈடேறும் என்றால் ஏன் கொடுக்கலாகாது என்று வாதித்தவர்கள் இருந்தார்கள். தோமையார் கூடாது என்கிறார். தாயின் உதரத்தில் இருந்த சிசு, பிறந்த பிறகும் புத்தி விவரம் வரும்வரையில், பெற்றோரின் பராமரிப்பாகிய வேறொரு உதரத்தில் இருக்கிறது. அதிலிருந்து அதைப் பறிப்பது இயற்கை நீதிக்கு விரோதம் என்பது அவர் காட்டும் நியாயம். இந்தப் போதனையை எக்காலத்திலும் எல்லாரும் அனுசரித்தார்கள் என்று சொல்ல இயலாது. வருந்தத்தக்க மீறுதல்கள் சரித்திரத்தில் உண்டு. ஆயினும் போதனை நிற்கிறது. நித்திய ஜீவியத்தை முன்னிட்டுங்கூடத் திருச்சபை தாண்டலாகாத வேலியை, அதற்குக் குறைந்த ஒரு நன்மையை முன்னிட்டு இராச்சியம் தாண்டலாமா?

இராச்சியத்தின் எல்லை

தாண்டப் பார்த்ததும் உண்டு. அமெரிக்காவில் ஆரிகன் என்ற மாநிலத்தில், 1922-ம் ஆண்டு நவம்பர் மாதத்தில், மக்கள் வாக்கெடுப்பால் ஒரு சட்டம் நிறைவேறியது. எட்டு வயது முதல் பதினாறு வயது வரையுள்ள பிள்ளைகள் அரசாங்கப் பொதுப் பள்ளிகளுக்கே போகவேண்டும். தனியார் பள்ளிக்கு அனுப்பும் பெற்றோர் குற்றவாளிகள். கத்தோலிக்கரைப் பகைத்த கு கிளக்ஸ் கிளான் என்ற கூட்டம் இந்தச் சட்டத்துக்குப் பக்கபலமாய் நின்றது. எல்லாப் பிள்ளைகளும் ஒரே பள்ளியில் படித்தால் நாடு ஒன்றாகும் என்பது வெளியில் சொன்ன காரணம். சேசு மரியென்னும் திருநாமங்களின் கன்னியர் சபையார் வழக்குத் தொடுத்தார்கள். 1925-ம் ஆண்டு ஜூன் முதல் தேதி அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதிகள் ஒருமனதாய் அந்தச் சட்டத்தைத் தள்ளினார்கள். பிள்ளை இராச்சியத்தின் சிருஷ்டி அல்ல; அதை வளர்க்கிறவர்களுக்கே அதை வழிநடத்தும் உரிமையும் கடமையும் உண்டு என்பதே தீர்ப்பின் சாரம். 1929-ம் ஆண்டு டிசம்பர் 31-ம் தேதி கல்வியைப் பற்றி எழுதிய சுற்றுநிருபத்தில் பாப்பரசர் 11-ம் பத்திநாதர் இந்தத் தீர்ப்பை எடுத்துக் காட்டுகிறார். 1948-ல் ஐக்கிய நாடுகள் வெளியிட்ட மனித உரிமைப் பிரகடனமும், தங்கள் பிள்ளைகளுக்கு எவ்விதக் கல்வி வேண்டுமென்று தெரிந்துகொள்வதில் பெற்றோருக்கே முதல் உரிமை என்று 26-வது பிரிவில் ஒப்புக்கொண்டது.

இதனால் அரசாங்கத்துக்குக் கல்வியில் இடமே இல்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். ஆரிகன் வழக்கிலேயே நீதிபதிகள் அப்படிச் சொல்லவில்லை. பிள்ளையைப் படிக்க வைக்காமல் வேலைக்கு அனுப்பும் தகப்பனைத் தடுக்க அரசாங்கத்துக்கு உரிமை உண்டு. ஆசிரியருக்குத் தகுதி இருக்கிறதா, கட்டடம் இடிந்து விழாமல் இருக்கிறதா என்று பார்வையிட உரிமை உண்டு. எல்லாருக்கும் எட்டும் தூரத்தில் பள்ளி வைக்க அதற்குக் கடமையே உண்டு. "பிள்ளை கட்டாயம் படிக்கவேண்டும்" என்று சொல்லலாம். "என் பள்ளியில் மட்டுமே படிக்கவேண்டும்" என்று சொல்லலாகாது. இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் எல்லை.

ஏழையின் உரிமை

இதோ அடுத்த கேள்வி எழுகிறது. உரிமை உண்டு, பணம் இல்லை என்றால் அந்த உரிமை எதற்கு உதவும்? சந்தையில் எந்த மீனையும் வாங்க எல்லாருக்கும் சுதந்திரம் உண்டு. வெறுங்கையோடு போகிறவன் அந்தச் சுதந்திரத்தைக் குழம்பு வைத்து உண்ண முடியுமா?

ஹாலந்து தேசத்தார் இந்தக் கேள்வியோடு 19-ம் நூற்றாண்டில் வெகுகாலம் போராடினார்கள். அங்கே கத்தோலிக்கரும் கால்வின் சபையாரும் அரசாங்கப் பள்ளிகளுக்காக வரியும் செலுத்தி, தங்கள் சொந்தப் பள்ளிகளுக்காகக் கையிலிருந்தும் செலவழித்தார்கள். மதத்தால் பிரிந்திருந்த இவ்விரு சாராரும் இந்தக் காரியத்தில் கைகோத்தார்கள். கடைசியாய் 1917-ம் ஆண்டு அரசியல் சட்டத்தையே திருத்தி, அரசாங்கப் பள்ளிக்கும் மற்றவர் நடத்தும் பள்ளிக்கும் பொதுப் பணத்தில் சமமான பங்கு என்று ஏற்பாடு செய்தார்கள். இன்றைக்கும் அந்நாட்டுப் பிள்ளைகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் அரசாங்கம் அல்லாதவர் நடத்தும் பள்ளிகளில், அரசாங்கப் பணத்தில், படிக்கிறார்கள். 2-வது வத்திக்கான் பொதுச்சங்கம் 1965-ம் ஆண்டு அக்டோபர் 28-ம் தேதி வெளியிட்ட கல்விப் பிரகடனமும் இதே நியாயத்தைப் பேசுகிறது. பெற்றோர் தங்கள் மனச்சாட்சிப்படி உண்மையான சுதந்திரத்தோடு பள்ளியைத் தெரிந்துகொள்ளும் விதமாகப் பொதுப் பணத்தைப் பங்கிட வேண்டும் என்கிறது. இது பிச்சையன்று, பங்கீட்டு நீதி.

ஆட்சேபம்

இங்கே ஓர் ஆட்சேபம் பிறக்கிறது. அது பலமான ஆட்சேபம். "பெற்றோருக்குத் தேர்வு செய்யும் உரிமை கொடுத்தால் வசதியுள்ளவர் நல்ல பள்ளிகளை நிரப்பிக்கொள்வார்கள்; ஏழைகள் மிச்சமிருக்கும் பள்ளியில் ஒதுங்குவார்கள்; ஊர் இரண்டாய்ப் பிளக்கும்" என்கிறார்கள். இதை வெறும் பயமென்று தள்ள முடியாது. தென் அமெரிக்காவில் சிலி தேசத்தில் 1981-ம் ஆண்டு முதல், பிள்ளை எந்தப் பள்ளிக்குப் போகிறதோ அந்தப் பள்ளிக்கு அரசாங்கப் பணம் போகும் என்ற ஏற்பாடு நடந்தது. கேட்க நன்றாயிருந்தது. ஆனால் மான்யம் வாங்கும் பள்ளிகள் பிள்ளைகளைப் பொறுக்கி எடுத்துக்கொண்டன. பிற்பாடு மான்யத்தோடு கூட பெற்றோரிடமும் சம்பளம் வாங்க அனுமதி பெற்றன. முடிவில் பணக்காரப் பிள்ளைகள் ஒரு பக்கமும் ஏழைப் பிள்ளைகள் ஒரு பக்கமுமாய்ப் பிரிந்தார்கள். மாணவர்கள் வீதியில் இறங்கினார்கள். 2015-ல் புதிய சட்டம் கொண்டுவந்து, மான்யம் பெறும் பள்ளிகள் பிள்ளைகளைப் பொறுக்குவதையும், சம்பளம் வாங்குவதையும், இலாபம் எடுப்பதையும் நிறுத்தத் தொடங்கினார்கள்.

இந்த அனுபவம் நமக்குச் சொல்வது என்ன? பெற்றோரின் உரிமை பொய்யென்றா? அல்ல. அங்கே உரிமை கைமாறிவிட்டது என்பதே என் கருத்து. பெற்றோர் பள்ளியைத் தெரிந்துகொள்வதற்குப் பதிலாய்ப் பள்ளி பிள்ளையைத் தெரிந்துகொண்டது. எல்லாப் பெற்றோருக்கும் கடவுள் கொடுத்த உரிமை, சில பெற்றோரின் சலுகையாய்ச் சுருங்கியது. நமக்கு ஒரு உரிமை உண்டென்று நாம் வாதிக்கும்போது, அதே உரிமை அடுத்த தெருவில் கூலி வேலை செய்கிறவனுக்கும் உண்டென்று ஒப்புக்கொள்ளாவிட்டால், நாம் வாதிப்பது உரிமைக்கல்ல, சௌகரியத்துக்கே.

பிள்ளை பெற்றோருடைய உடைமையா?

இப்போது முதல் கேள்விக்குத் திரும்புவோம். பிள்ளை இராச்சியத்துடையது அல்ல. அப்படியானால் பெற்றோருடையதா? இங்கேதான் நம்மில் அநேகர் தவறிப்போகிறோம். பெற்றோரின் உரிமையை அவ்வளவு உறுதியாய்ப் பேசிய 11-ம் பத்திநாதரே, அது தன்னிச்சையான அதிகாரமல்ல, கடவுளின் சட்டத்துக்கும் இயற்கைச் சட்டத்துக்கும் கட்டுப்பட்டது என்று அதே நிருபத்தில் சொல்லுகிறார்.

பன்னிரண்டு வயதில் சேசு பாலகர் ஜெருசலேமில் பின்தங்கிய நிகழ்ச்சியை நினையுங்கள். தேவதாயும் சூசையப்பரும் மூன்று நாள் தேடி, தேவாலயத்தில் போதகர் நடுவில் அவரைக் கண்டார்கள். ஏன் இப்படிச் செய்தாய் என்று தாய் கேட்டபோது, தாம் தமது பிதாவின் காரியத்தில் இருக்கவேண்டியதை நினைப்பூட்டினார். பிள்ளை தங்களுக்கு மேற்பட்ட ஒருவருக்கு உரியவர் என்பதை அந்தப் பரிசுத்த பெற்றோர் அன்று கேட்டார்கள். ஆனால் அதோடு அந்த நிகழ்ச்சி முடியவில்லை. அவர் அவர்களோடு நாசரேத்துக்குப் போய் அவர்களுக்குக் கீழ்ப்படிந்திருந்தார். இரண்டும் உண்மை: பிள்ளை கடவுளுடையது, கடவுள் அதைப் பெற்றோர் கையில் ஒப்படைத்திருக்கிறார். பெற்றோரின் உரிமை சொத்துக்காரனின் உரிமையல்ல, ஒப்படைக்கப்பட்டதைக் காக்கும் தர்மகர்த்தாவின் உரிமை.

தர்மகர்த்தா கோயில் பணத்தைத் தன் வீட்டுச் செலவுக்கு எடுத்தால் என்ன சொல்வோம்? அப்படியே, அக்கம் பக்கத்தாரிடம் கௌரவமாய்ச் சொல்லிக்கொள்வதற்காக மட்டும் ஒரு பள்ளியைத் தெரிந்துகொள்ளும் தகப்பன், பிள்ளையின் உரிமையை எடுத்துத் தன் பெருமைக்குச் செலவழிக்கிறான். பிள்ளை வீட்டில் பேசும் பாஷையும் அறியாமல், பள்ளியின் பாஷையும் விளங்காமல் நடுவில் தத்தளிக்க, கழுத்துப்பட்டையைப் பார்த்து வீட்டார் மகிழ்வது எவ்வகை அன்பு? நகையை அடகு வைத்துக் கட்டிய சம்பளமாயினும், அது பிள்ளைக்காகக் கட்டியதா, தெருவுக்காகக் கட்டியதா என்று ஒவ்வொருவரும் மனச்சாட்சியைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

வேறு சிலர் எதிர்ப்பக்கமாய்க் கேட்பார்கள்: "ஊர்ப் பள்ளி தளர்ந்து கிடக்கிறது. என் பிள்ளையை அங்கே வைத்திருந்தால்தான் அது உருப்படும் என்கிறார்கள். பொது நன்மைக்காக என் பிள்ளையின் படிப்பைப் பணயம் வைக்க நான் கடமைப்பட்டவனா?" இல்லை. பிள்ளையைக் கருவியாய் உபயோகிக்க இராச்சியத்துக்கு உரிமையில்லாததுபோலவே, ஊருக்கும் இல்லை. நல்ல மனச்சாட்சியோடு வேறு பள்ளியைத் தெரிந்துகொள்ளும் பெற்றோர் பாவம் செய்யவில்லை. ஆனால் அவர்கள் போனதோடு அந்தப் பள்ளியின்மேல் அவர்களுக்கிருந்த கடமையும் போய்விடுவதில்லை. அது அவர்கள் வரிப்பணத்தில் நடப்பது. அதில் படிப்பது அவர்களுடைய அயலானின் பிள்ளை. ஒவ்வொரு ஊரிலும் கேள்வி கேட்கத் தெரிந்தவர்கள், மனு எழுதத் தெரிந்தவர்கள், அதிகாரியின் முன் உட்கார்ந்து பேசத் தெரிந்தவர்கள் சிலர்தான். அவர்களெல்லாரும் பிள்ளையோடு தங்கள் வாயையும் எடுத்துக்கொண்டு போய்விட்டால், மிச்சமிருப்பவர்களுக்காகப் பேசுவது யார்?

நம் கையில் இருப்பது

நமது நாட்டில் 2009-ம் ஆண்டின் இலவச கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் முதல் தேதி அமலுக்கு வந்தது. அதன் இரண்டு பிரிவுகளைப் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும்.

ஒன்று, அரசாங்க உதவி பெறாத தனியார் பள்ளிகள் தொடக்க வகுப்பில் நூற்றுக்கு 25 இடங்களைச் சுற்றுவட்டாரத்து ஏழைகளுக்கும் பின்தங்கினவர்களுக்கும் ஒதுக்கவேண்டும்; செலவை அரசாங்கம் ஈடுசெய்யும். இது ஏழைக்கும் தெரிந்துகொள்ளும் உரிமையில் ஒரு சிறு பங்கு கொடுக்கும் முயற்சி. சட்டம் இருந்தால் போதாது, பணமும் காலத்தில் வரவேண்டும் என்பதை 2025-ல் கண்டோம். மத்திய மாநில அரசாங்கங்களுக்கிடையே நிதித் தகராறு ஏற்பட்டு, தமிழ்நாட்டில் பள்ளிகள் திறந்து மாதங்கள் கழிந்த பிறகே அந்தச் சேர்க்கை தொடங்கிற்று.

நமக்கு இதில் தனிப்பட்ட மனச்சாட்சிக் கேள்வி ஒன்று உண்டு. சிறுபான்மையோர் தங்கள் விருப்பப்படி பள்ளிகளை நிறுவி நடத்தும் உரிமையை அரசியல் சட்டத்தின் 30-வது பிரிவு காக்கிறது. அதை முன்னிட்டு, சிறுபான்மையோர் பள்ளிகளை இச்சட்டம் கட்டுப்படுத்தாது என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதைப் பெரிய அமர்வு மறுபடி பார்க்க வேண்டுமோ என்ற கேள்வியை 2025-ல் அதே நீதிமன்றத்தின் ஓர் அமர்வு எழுப்பியது. நீதிமன்றம் எதைச் சொன்னாலும், சட்டம் நம்மை வற்புறுத்தாத இடத்தில் அன்பு வற்புறுத்தாமல் இருக்குமா? நமது பள்ளிகள் பெரும்பாலும் ஏழைப் பிள்ளைகளுக்காக எழுந்தவை. பனையேறுகிறவர், மீன் பிடிக்கிறவர், சேரியில் வசிக்கிறவர் வீட்டுப் பிள்ளைகளை வேறெவரும் அழைக்காத காலத்தில் அழைத்தவை. 30-வது பிரிவு அந்த வாசலைத் திறந்து வைப்பதற்கான பாதுகாப்பு. அதைத் தாழிட உபயோகிப்போமானால், நம் முன்னோர் கட்டியதை நாமே இடிக்கிறவர்களாவோம்.

இரண்டாவது பிரிவு, பள்ளி மேலாண்மைக் குழுவைப் பற்றியது. ஒவ்வோர் அரசாங்கப் பள்ளிக்கும் இந்தக் குழு இருக்கவேண்டும். உறுப்பினரில் முக்கால் பங்கினர் பெற்றோராயும், பாதிப்பேர் பெண்களாயும் இருக்கவேண்டும். பள்ளி நடக்கும் விதத்தைக் கவனிப்பது, பள்ளி வளர்ச்சித் திட்டம் வகுப்பது, வந்த பணம் எப்படிச் செலவானதென்று பார்ப்பது அதன் வேலை. தமிழ்நாடெங்கும் 2022-லும் 2024-லும் இக்குழுக்களைப் புதிதாய் அமைத்தார்கள். இது பெற்றோருக்குக் கிடைத்த நாற்காலி. அதில் யார் உட்காருகிறார்கள்? கூட்டத்துக்கு அழைப்பு வந்தால், "எங்களுக்கு என்ன தெரியும், வாத்தியார் பார்த்துக்கொள்வார்" என்று கையெழுத்து மட்டும் போட்டுவிட்டு வருகிறவர்கள் எத்தனை பேர்? அன்றைய கூலி போகுமே என்ற கஷ்டம் மெய்யான கஷ்டந்தான். ஆனால் ஐந்து வீட்டார் முறை வைத்துக்கொண்டால் ஒருவருக்கு வருஷத்தில் இரண்டொரு நாள்தான் போகும். கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு எழுத்துக்கூட்டி வாசிக்க வருகிறதா, கணக்கு வாத்தியார் இடம் எத்தனை மாதமாய்க் காலி என்று கேட்க எந்தப் பட்டமும் வேண்டியதில்லை. பிள்ளையின் தாயாய் இருந்தால் போதும்.

நமது கத்தோலிக்கப் பள்ளிகளுக்கும் இது பொருந்தும். ஆசிரியர்கள் பெற்றோரோடு நெருங்கி ஒத்துழைத்து, அவர்கள் சொல்வதை மனமுவந்து கேட்கவேண்டும். பெற்றோர் சங்கங்கள் ஏற்படவேண்டும் என்று 1983-ம் ஆண்டின் திருச்சபைச் சட்டம் 796-வது பிரிவில் கட்டளையிடுகிறது. சம்பளம் கட்டும் நாளில் மட்டும் பெற்றோரை அறிந்து, மற்ற நாட்களில் வாசற்படியில் நிறுத்தும் பள்ளி, எந்தத் திருநாமத்தைத் தாங்கினாலும், இந்தக் கட்டளையை நிறைவேற்றவில்லை. கத்தோலிக்கப் பள்ளி எட்டாத இடத்தில் பிள்ளையை அரசாங்கப் பள்ளியில் சேர்த்த பெற்றோரும் கலங்க வேண்டாம். ஞானக்கல்வி வெளியில் கிடைக்கும்படி பார்த்துக்கொண்டால் போதுமென்று அதே சட்டம் 798-வது பிரிவில் சொல்லுகிறது. ஞாயிறு ஞானோபதேச வகுப்பு அதற்காகவே இருக்கிறது.

ஆகையால், பெற்றோர்களே, பள்ளியைத் தெரிந்துகொள்ளுமுன் மூன்று கேள்விகளை உங்களுக்குள் கேட்டுக்கொள்ளுங்கள். இந்தப் பள்ளி என் பிள்ளைக்கு ஏற்றதா, அல்லது என் கௌரவத்துக்கு ஏற்றதா? இங்கே என் பிள்ளை அறிவோடு கூட நல்ல மனச்சாட்சியும் பெற்று வளருமா? நான் தெரிந்துகொள்ளாமல் விட்டுவந்த பள்ளியில் இருக்கும் பிள்ளைகளுக்காக நான் என்ன செய்யப்போகிறேன்? மூன்றாவது கேள்விக்கும் விடை வைத்திருப்பவனே பெற்றோரின் உரிமையை முழுவதும் உணர்ந்தவன்.

அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் எப்போதென்று இந்த வாரமே விசாரியுங்கள். அங்கே பேச வேண்டியதை எழுதிக்கொள்ள உதவி வேண்டுமானால், ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பின் பங்கு மனையில் வின்சென்ட் தே பவுல் சபையார் இருப்பார்கள். நாசரேத்துத் திருக்குடும்பம் உங்கள் குடும்பங்களைக் காப்பதாக.

உங்கள் பங்குக்குரு